ஐநோடு எண்ணைக் கொடுப்பது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் சர்வர் பராமரிப்பு என் தொழில். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சோதனை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பிகள், பல்கலைக்கழகத்தில் இயங்குதளப் பாடம் எடுத்திருக்கும் மாணவர்கள், லெபோ பசாரில் அச்சகம் நடத்தும் பெரியவர் என்று கேட்பவர்கள் மாறுகிறார்கள். ஐநோடு எண்ணைப் பற்றிய சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. அதனால் அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே இருக்கின்றன. பேச்சு முழுக்க லினக்ஸைப் பற்றியது. வேறு இயங்குதளம் வந்தால் அங்கங்கே சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.

ஐநோடு எண் என்றால் என்ன அண்ணே? எல்எஸ் கட்டளையோடு ஐ சேர்த்தால் பெயருக்கு முன்னால் ஓர் எண் வருகிறதே, அதுவா?

அதுவேதான். வட்டில் கோப்புகளை ஒழுங்காக வைத்துத் தேடித் தருவது கோப்பு முறைமை. ஒவ்வொரு கோப்புக்கும் அது ஒரு பதிவு வைத்திருக்கிறது. உரிமையாளர் யார், யார் படிக்கலாம், அளவு எவ்வளவு, கடைசியாக எப்போது மாறியது, உள்ளடக்கம் வட்டின் எந்தெந்த பிளாக்குகளில் (வட்டைப் பிரித்த சிறு துண்டுகளில்) கிடக்கிறது என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். அந்தப் பதிவுதான் ஐநோடு. அதைக் குறிக்கும் எண் ஐநோடு எண். 1969இல் யூனிக்ஸ் பிறந்தபோதே இந்த ஏற்பாடும் வந்துவிட்டது.

ஒரு கோப்பின் எண்ணோடு மற்ற விவரங்களையும் பார்க்க வேண்டுமானால் ஸ்டாட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதில் ஐநோடு எண்ணுக்குப் பக்கத்திலேயே சாதன எண் என்று ஒன்று வரும், கோப்பு எந்தக் கோப்பு முறைமையில் இருக்கிறது என்பதைக் காட்டுவது அது. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. கீழே பல பதில்களில் அது தேவைப்படும்.

பதிவில் எல்லாம் இருக்கிறது என்கிறீர்கள். கோப்பின் பெயர் எங்கே?

பெயர் ஐநோடில் இல்லை. அடைவில் இருக்கிறது. அடைவு (ஃபோல்டர்) என்பதும் ஒரு கோப்புதான். அதற்குள் "இந்தப் பெயருக்கு இந்த எண்" என்ற வரிகள் இருக்கும். அதனால்தான் பெயரை மாற்றினாலும் எண் மாறுவதில்லை. ஒரே கோப்பு முறைமைக்குள் வேறு அடைவுக்கு நகர்த்தினாலும் மாறாது. வரி மட்டும் இங்கே அழிந்து அங்கே எழுதப்படுகிறது. வேறு கோப்பு முறைமைக்கு நகர்த்தினால் கதை வேறு. அது உண்மையில் நகலெடுத்துவிட்டுப் பழையதை நீக்குவதுதான். புதிய எண் வரும்.

இரண்டு பெயர்கள் ஒரே எண்ணைச் சுட்டலாம். அதற்குத்தான் ஹார்டு லிங்க் என்று பெயர். அவற்றில் எது அசல், எது நகல் என்று கேட்பதில் பொருள் இல்லை. இரண்டும் சம உரிமை உள்ள பெயர்கள்.

எண்ணைத் தேர்ந்தெடுப்பது கெர்னலா, கோப்பு முறைமையா?

கோப்பு முறைமை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவான ஓர் அடுக்கு இருக்கிறது, விஎஃப்எஸ் என்பார்கள். அந்த அடுக்கு நினைவகத்தில் வைத்திருக்கும் ஐநோடு அமைப்பில் எண்ணுக்கென்று ஓர் இடம் உண்டு. அதில் என்ன எழுதுவது என்பதை அந்த அடுக்கு முடிவு செய்வதில்லை. ஈஎக்ஸ்டி4 ஒரு விதமாக நிரப்பும், எக்ஸ்எஃப்எஸ் வேறு விதமாக நிரப்பும், பென்டிரைவில் உள்ள ஃபாட் இன்னொரு விதமாக நிரப்பும்.

இதை மனத்தில் பிடித்துக்கொண்டால் கீழே வரும் குழப்பங்களில் பாதி வராது. ஓர் எண்ணைப் பார்த்ததும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: கொடுத்தது யார், எவ்வளவு காலம் அது செல்லும்?

சரி, ஈஎக்ஸ்டி4 எப்படிக் கொடுக்கிறது? என் கணினியில் மேலடைவில் (எல்லா அடைவுகளுக்கும் மேலே இருப்பதில்) பார்த்தால் 131073, 262145, 393217 என்று விசித்திரமாக வருகிறது. ஏன் 1, 2, 3 என்று வரவில்லை?

நல்ல கண். அந்த மூன்று எண்களிலேயே விடை இருக்கிறது. ஈஎக்ஸ்டி4 வட்டை பிளாக் குழுக்களாகப் பிரிக்கிறது. பிளாக்கின் அளவு 4 கேபி என்றால் ஒரு குழு 128 எம்பி. வட்டை ஃபார்மட் செய்யும்போதே ஒவ்வொரு 16 கேபி இடத்துக்கும் ஓர் ஐநோடு என்ற கணக்கில் அட்டவணை ஒதுக்கப்படுகிறது. வழக்கமான அமைப்பு இதுதான். 128 எம்பியை 16 கேபியால் வகுத்தால் 8192. ஆக ஒரு குழுவுக்கு 8192 ஐநோடுகள். எண் கிடைத்தால் அதிலிருந்து 1 கழித்து 8192ஆல் வகுங்கள். ஈவு எந்தக் குழு என்பதைச் சொல்லும். மீதி அந்தக் குழுவின் அட்டவணையில் எத்தனையாவது இடம் என்பதைச் சொல்லும். 131073இல் 1 கழித்தால் 131072. 8192ஆல் வகுத்தால் 16, மீதி 0. அதாவது 16ஆம் குழுவின் முதல் இடம். 262145 என்பது 32ஆம் குழுவின் முதல் இடம், 393217 என்பது 48ஆம் குழுவின் முதல் இடம்.

ஏன் பதினாறு பதினாறாகத் தாவுகிறது? ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 16 குழுக்களைச் சேர்த்து ஒரு பெரிய குழுவாக நடத்துகிறது. மேலடைவில் நேரடியாக உருவாகும் அடைவுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொண்டு, அவற்றை வேண்டுமென்றே தள்ளித் தள்ளி வைக்கிறது. ஓர்லோவ் முறை என்று இதற்குப் பெயர். அடைவுக்குள் உருவாகும் கோப்புகளுக்கோ நேர்மாறான விதி: முடிந்தவரை தாய் அடைவு இருக்கும் குழுவிலேயே இடம் கொடு. அதனால் 131073 என்ற அடைவுக்குள் 131074, 131075 என்று வரிசையாகக் கிடைப்பதைப் பார்க்கலாம்.

குழுவுக்குள் தேடும் வேலை எளிது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பிட்மேப் இருக்கிறது. ஓர் ஐநோடுக்கு ஒரு பிட். 1 என்றால் ஆள் இருக்கிறது, 0 என்றால் காலி. முதலில் தென்படும் 0வை 1 ஆக்கிவிட்டு அந்த இடத்தின் எண்ணைக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

மேலடைவுக்கு எப்போதும் 2 என்று வருகிறது. 1 என்ன ஆனது?

ஈஎக்ஸ்டி வகையில் 1 என்ற ஐநோடு பழுதான பிளாக்குகளின் பட்டியலுக்கு ஒதுக்கப்பட்டது. 2 மேலடைவு. 8 ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் குறிப்பேடு. முதல் பத்தும் இப்படிப் பல வேலைகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. சாதாரணக் கோப்புகளுக்கு 11இலிருந்து கிடைக்கும். ஃபார்மட் செய்தவுடன் உருவாகும் லாஸ்ட்அண்ட்ஃபவுண்ட் அடைவு பெரும்பாலும் அந்த 11ஐ எடுத்துக்கொள்ளும்.

2 என்பது உலக விதி அல்ல. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் மேலடைவின் பதிவு எண் 5. லினக்ஸின் இன்னொரு கோப்பு முறைமையான பிடிஆர்எஃப்எஸ்ஸில் 256. மேலடைவு 2ஆகத்தான் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அவை ஈஎக்ஸ்டி4 உள்ளவரைதான் ஓடும்.

பூட் அடைவுக்கும் 2, ஹோம் அடைவுக்கும் 2 என்று காட்டுகிறது. ஒரே எண் இரண்டு பேருக்கு எப்படி? வட்டு கெட்டுவிட்டதா?

வட்டு நன்றாக இருக்கிறது. உங்கள் கணினியில் அந்த இரண்டும் வட்டின் தனித்தனிப் பகிர்வுகளாக (பார்ட்டிஷன்) மவுண்ட் ஆகியிருக்கின்றன, அதாவது அடைவு மரத்தில் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரு கோப்பு முறைமை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலடைவு உண்டு. அதன் எண் 2. முதல் பதிலில் சொன்ன சாதன எண்ணை ஸ்டாட்டில் பாருங்கள், வேறு வேறாக இருக்கும்.

ஐநோடு எண் ஒரு கோப்பு முறைமைக்குள் மட்டுமே தனித்துவமானது. இரண்டு பெயர்கள் ஒரே கோப்பா என்று அறிய நிரல்கள் சாதன எண்ணையும் ஐநோடு எண்ணையும் சேர்த்தே ஒப்பிடுகின்றன. கோப்புகளைக் கட்டி வைக்கும் டார் கட்டளை ஹார்டு லிங்க்குகளைக் கண்டுபிடிப்பது அப்படித்தான். ஹார்டு லிங்க்கை ஒரு கோப்பு முறைமையிலிருந்து இன்னொன்றுக்குப் போட முடியாததற்கும் இதுவே காரணம். அடைவு வரியில் எண் மட்டும்தான் எழுதப்படுகிறது. எந்தக் கோப்பு முறைமை என்று எழுத அங்கே இடமே இல்லை.

தம்பி, வட்டில் முக்கால்வாசி காலியாக இருக்கிறது. ஆனால் புதிய கோப்பைச் சேமித்தால் இடமில்லை என்கிறது. இது என்ன அநியாயம்?

இது லெபோ பசார் பெரியவரின் கேள்வி. அவருடைய அச்சகச் சர்வரில் 100 ஜிபி வட்டு. டிஎஃப் கட்டளை 70 ஜிபிக்கு மேல் காலி என்றது. அதே கட்டளையோடு ஐ சேர்த்துப் பார்த்தபோது காலி ஐநோடுகள் 0, பயன்பாடு 100 சதவீதம். திருமண அட்டை வடிவமைக்கும் மென்பொருள், அட்டை ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கான சிறுசிறு முன்னோட்டப் படங்களை எழுதி, ஒன்றையும் அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போயிருந்தது. ஒவ்வொன்றும் 4 கேபிக்குள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ஜிபியை 16 கேபியால் வகுத்தால் 6,553,600 ஐநோடுகள். அத்தனையும் 4 கேபி கோப்புகளுக்கே போனால் பிடிக்கும் இடம் 25 ஜிபிதான். அதற்குள் எண்கள் தீர்ந்துவிடும். எண் தீர்ந்தாலும் பிளாக் தீர்ந்தாலும் கெர்னல் திருப்பி அனுப்பும் பிழை ஒன்றே: சாதனத்தில் இடமில்லை. எது தீர்ந்தது என்று அந்தச் செய்தி சொல்லாது. என்னைக் கேட்டால், இத்தனை ஆண்டுகளில் இதற்கு ஒரு தனிப் பிழை எண் வந்திருக்க வேண்டும். பழைய முன்னோட்டங்களை அழித்ததும் அச்சகம் மறுபடி ஓடியது.

அப்படியென்றால் ஐநோடுகளின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாதா?

ஈஎக்ஸ்டி4இல் ஃபார்மட் செய்த பிறகு அந்த விகிதத்தை மாற்ற முடியாது. வட்டின் அளவைப் பெருக்கினால் புதிய பிளாக் குழுக்கள் சேரும். ஒவ்வொரு 128 எம்பிக்கும் 8192 ஐநோடுகளும் கூடவே வரும். மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் இதுதான் சுலபமான வழி. இல்லையென்றால் நகலெடுத்து வைத்துவிட்டு, 16 கேபிக்குப் பதிலாக 4 கேபிக்கு ஓர் ஐநோடு என்று மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டும். அதற்கும் விலை உண்டு. ஓர் ஐநோடு 256 பைட். 100 ஜிபி வட்டில் 4 கேபி விகிதம் என்றால் அட்டவணை மட்டுமே 6.25 ஜிபியைத் தின்னும். கோப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நாங்கள் தொழிற்சாலையில் எக்ஸ்எஃப்எஸ் பயன்படுத்துகிறோம். அங்கே ஐநோடு எண்கள் கோடிக்கணக்கில் போகின்றன. அவ்வளவு கோப்புகள் எங்களிடம் இல்லையே?

எக்ஸ்எஃப்எஸ் முன்கூட்டியே அட்டவணை போடுவதில்லை. தேவைப்படும்போது 64 ஐநோடுகள் கொண்ட ஒரு துண்டை வட்டில் எங்காவது ஒதுக்குகிறது. அதனால் ஈஎக்ஸ்டி4 போல ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போக முடியாது. அது கொடுக்கும் எண்ணே முகவரி. மேல் பிட்களில் வட்டின் எந்தப் பெரும்பகுதி என்பது, நடுவில் அந்தப் பகுதிக்குள் எந்த பிளாக் என்பது, கீழே அந்த பிளாக்குக்குள் எத்தனையாவது ஐநோடு என்பது. ஐநோடு 512 பைட், பிளாக் 4 கேபி என்றால் ஒரு பிளாக்கில் எட்டு அடங்கும். ஆக எண்ணின் கடைசி மூன்று பிட்கள் அதற்கு.

நம் அடையாள அட்டை எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 07 இருந்தால் பினாங்கில் பிறந்தவர், 14 இருந்தால் கோலாலம்பூரில் பிறந்தவர். அந்த எண் பெரிதாக இருப்பதால் அத்தனை பேர் நாட்டில் இருக்கிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. ஒரே வேறுபாடு: பினாங்கில் பிறந்தவர் கோலாலம்பூருக்குக் குடிபோகலாம், எக்ஸ்எஃப்எஸ் ஐநோடு தன் இடத்தை விட்டு நகரவே முடியாது. நகர்ந்தால் எண் மாறிவிடும், எண் மாறினால் அதைச் சுட்டும் அடைவு வரிகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

ஐநோடுகள் எவ்வளவு இடத்தைப் பிடிக்கலாம் என்பதற்கு எக்ஸ்எஃப்எஸ் ஓர் உச்சவரம்பு வைக்கிறது. 1 டிபிக்குக் குறைந்த வட்டில் வழக்கமாக 25 சதவீதம். ஆகவே பெரியவருக்கு வந்த பிரச்சினை இங்கே அபூர்வம்.

அதே எக்ஸ்எஃப்எஸ் வட்டில் ஒரு பழைய நிரல் மட்டும் "மதிப்பு மிகப் பெரியது" என்று பிழை தருகிறது. மற்ற நிரல்கள் எல்லாம் ஓடுகின்றன.

அந்த நிரல் பெரும்பாலும் 32 பிட் காலத்தில் தொகுக்கப்பட்டது (கம்பைல் செய்யப்பட்டது). ஐநோடு எண்ணை வாங்கிக்கொள்ள அதனிடம் 32 பிட் இடம்தான் இருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் கொடுப்பது 64 பிட் வரை போகும். பொருந்தாததை வெட்டிக் கொடுப்பதற்குப் பதிலாகப் பிழை சொல்லிவிடுகிறார்கள், அதுவே நேர்மை.

எக்ஸ்எஃப்எஸ்ஸை மவுண்ட் செய்யும்போது ஐநோடு32 என்ற தேர்வைக் கொடுத்தால் எண்கள் 32 பிட்டுக்குள் அடங்கும்படி, வட்டின் முற்பகுதியில் மட்டுமே புதிய ஐநோடுகள் உருவாகும். 2012 டிசம்பரில் வந்த 3.7 கெர்னலிலிருந்து ஐநோடு64தான் இயல்பு. பெரிய வட்டில் ஐநோடு32 போட்டால் முற்பகுதி நிரம்பியதும், பின்னால் டிபி கணக்கில் காலி இருந்தும், இடமில்லை என்ற அதே பிழை வரும். நிரலைப் புதிதாகத் தொகுக்க முடியுமென்றால் அதைச் செய்யுங்கள்.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் இரண்டு கோப்புகளுக்கு ஒரே சாதனத்தில் ஒரே எண் வருகிறது. இப்போதாவது தவறு என்று ஒப்புக்கொள்வீர்களா?

இல்லை. பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு துணைத்தொகுதிக்கும் (உள்ளே தனிக் கோப்பு மரமாக இயங்கும் பகுதிக்கும்) தனி எண்வரிசை. 256இல் தொடங்குகிறது, அந்த 256 துணைத்தொகுதியின் மேலடைவுக்குப் போகிறது. அடுத்தது 257, 258 என்று ஏறிக்கொண்டே போகும். ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பிரதி) எடுத்தால் உள்ளே இருக்கும் கோப்புகள் அதே எண்களோடுதான் பிரதியாகும். ஆகவே ஒரே வட்டில் 257 பலமுறை வரலாம்.

நிரல்கள் குழம்பாமல் இருக்க கெர்னல் ஒவ்வொரு துணைத்தொகுதிக்கும் தனித்தனிச் சாதன எண்ணைக் காட்டுகிறது. ஒரே சாதனம் என்று நீங்கள் சொல்வது நிஜ வட்டை வைத்து. ஸ்டாட்டில் பார்த்தால் அந்த எண்கள் வேறுபடும். டிஎஃப் கட்டளையில் ஐநோடு எண்ணிக்கையைக் கேட்டால் இங்கே 0 என்று வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். முன்கூட்டியே எண்ணி வைக்காததால் சொல்ல எண்ணிக்கை இல்லை.

ஒரு கோப்பை அழித்துவிட்டு வேறொன்றை உருவாக்கினேன். பழைய எண்ணே புதியதற்கும் வந்தது. இது ஆபத்தில்லையா?

ஈஎக்ஸ்டி4இல் இது அன்றாட நடப்பு. பிட்மேப்பில் அந்த பிட் 0 ஆனது. அடுத்த தேடலில் அதுவே முதலில் கண்ணில் பட்டது. கோப்பு உயிரோடு இருக்கும்வரைதான் எண் அதற்குச் சொந்தம். பிடிஆர்எஃப்எஸ் மேலே மேலே போவதால் பழைய எண்ணைப் பொதுவாக மறுபடி கொடுப்பதில்லை.

ஆபத்து எங்கே என்றால், எண்ணை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும் நிரல்களில். நடந்ததைக் குறித்து வைக்கும் லாக் கோப்புகளைப் படித்து வேறு சர்வருக்கு அனுப்பும் நிரல், "இந்த எண்ணை 9000ஆவது பைட் வரை படித்துவிட்டேன்" என்று குறித்து வைக்கிறது. லாக் சுழற்சியில் (பழைய லாக்கை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும்போது) பழையது அழிந்து புதியது அதே எண்ணோடு பிறந்தால், புதிய கோப்பின் முதல் 9000 பைட்டை அது படிக்காமலே தாண்டிவிடலாம். கோப்பின் தொடக்கத்தில் உள்ள சில பைட்களையும் ஒப்பிடச் சொல்லும் தேர்வு உங்கள் நிரலில் இருந்தால் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கோப்பை அழித்தாலும் ஏதாவது ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருந்தால் ஐநோடு விடுபடாது, இடமும் விடுபடாது. பெயர் மட்டும்தான் போயிருக்கும். லாக்கை அழித்தும் வட்டு காலியாகவில்லை என்பவர்கள், அதை எழுதிக்கொண்டிருக்கும் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

அப்படி எண் மறுபடி வருமென்றால் என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகத் திறந்த கோப்பு வேறொன்றாக மாறிவிடாதா?

மாறாமல் இருக்கத்தான் தலைமுறை எண் என்று இன்னொன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை ஐநோடு புதிதாக ஒதுக்கப்படும்போதும் அதற்கு ஒரு தலைமுறை எண் எழுதப்படும். என்எஃப்எஸ் சர்வர் கோப்பை அடையாளம் காட்ட வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கைப்பிடியில் ஐநோடு எண்ணும் தலைமுறை எண்ணும் சேர்ந்தே இருக்கும். பழைய கைப்பிடியோடு வந்தால் தலைமுறை பொருந்தாது. "காலாவதியான கைப்பிடி" என்ற பிழை வரும். எரிச்சலூட்டும் பிழைதான். ஆனால் வேறொருவர் கோப்பில் போய் எழுதுவதைவிட அது மேல்.

என்டிஎஃப்எஸ் இதையே எண்ணுக்குள் வைத்துவிட்டது. 64 பிட்டில் 48 பதிவு எண்ணுக்கு, 16 வரிசை எண்ணுக்கு.

கோப்பைத் திருத்திச் சேமித்தேன், எண் மாறிவிட்டது. நான் எதையும் அழிக்கவில்லையே?

நீங்கள் அழிக்கவில்லை, உங்கள் திருத்தி (எடிட்டர்) அழித்தது. பல திருத்திகள் புதிய கோப்பு ஒன்றை எழுதி முடித்து, அதைப் பழைய பெயருக்கு மாற்றிவிடுகின்றன. நடுவில் மின்சாரம் போனாலும் பழையது பிழைக்கும் என்பதால் இது நல்ல வழக்கம். செட் (sed) கட்டளை கோப்பை அந்த இடத்திலேயே திருத்துவதாகச் சொன்னாலும் உள்ளே செய்வது இதைத்தான். பக்கவிளைவு: ஹார்டு லிங்க் அறுந்துவிடும். மற்றப் பெயர் பழைய ஐநோடையே சுட்டிக்கொண்டிருக்கும்.

தைப்பூசப் படங்கள் இருக்கும் பென்டிரைவைச் செருகும் ஒவ்வொரு முறையும் காப்பு நிரல் எல்லாவற்றையும் புதிது என்று நினைத்து மறுபடி படிக்கிறது. தண்ணீர்மலை ரதம் மட்டுமே ஆயிரம் படம் இருக்கிறது அண்ணே!

பென்டிரைவ் ஃபாட் முறையில் இருக்கிறது. ஃபாட்டில் ஐநோடு என்பதே கிடையாது. அடைவு வரியிலேயே பெயர், அளவு, தொடக்க இடம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். ஆனால் லினக்ஸ் கெர்னலுக்கு எண் இல்லாமல் வேலை நடக்காது. அதனால் கோப்பை நினைவகத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு எண்ணியிலிருந்து (கவுண்டர்), அந்தக் கோப்பு முறைமையில் அப்போது புழக்கத்தில் இல்லாத ஓர் எண்ணை எடுத்து ஒட்டிவிடுகிறது. வட்டில் எங்கும் அது எழுதப்படுவதில்லை. கழற்றிச் செருகினால் எந்தக் கோப்பு முதலில் படிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து வேறு எண் வரும். எக்ஸ்ஃபாட்டும் இதே வகை.

கழற்றவே வேண்டியதில்லை. நினைவகம் குறைந்து கெர்னல் அந்த ஐநோடைக் கைவிட்டுப் பிறகு மறுபடி ஏற்றினாலும் எண் மாறலாம். ஐநோடு எண்ணைப் பொருட்படுத்தாமல் அளவையும் நேரத்தையும் மட்டும் பார்க்கும் தேர்வு பல காப்பு நிரல்களில் உண்டு. அதைப் போடுங்கள். படிக்க மட்டும் மவுண்ட் செய்கிறீர்கள் என்றால், ஃபாட்டுக்கு என்எஃப்எஸ் ஏற்றுமதிக்காக ஒரு தேர்வு இருக்கிறது. அதில் அடைவு வரி இருக்கும் இடத்திலிருந்தே எண் கணக்கிடப்படும், மாறாது.

நினைவகத்திலேயே இருக்கும் டெம்ப்எஃப்எஸ், நிரல்கள் தங்களுக்குள் தரவு அனுப்பும் பைப், சாக்கெட் இவற்றுக்கும் எண் வருகிறதே, அது எங்கிருந்து?

கெர்னலில் ஒரு பொது எண்ணி இருக்கிறது. பைப்புக்கும் சாக்கெட்டுக்கும் அங்கிருந்துதான் வருகிறது. எல்லா சிபியூக்களும் ஒரே எண்ணியில் முட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொன்றும் 1024 எண்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு செலவழிக்கிறது. அடுத்தடுத்து உருவாக்கிய இரண்டு பைப்புகளின் எண்கள் சில சமயம் ஆயிரக்கணக்கில் விலகி இருப்பதன் காரணம் இதுவே. எண்ணி வேண்டுமென்றே 32 பிட். மேலே சொன்ன பழைய நிரல்களுக்காக.

டெம்ப்எஃப்எஸ்ஸும் முன்பு இங்கிருந்துதான் எடுத்தது. 4,294,967,296 எண்கள் என்பது தீராத கணக்கு என்று தோன்றும். நாள் முழுக்கக் கோப்புகளை உருவாக்கி அழிக்கும் பெரிய சர்வர்களில் தீர்ந்து, திரும்ப முதலிலிருந்து வந்து, உயிரோடு இருக்கும் கோப்பின் எண்ணே இன்னொன்றுக்கும் போனது. 2020இல் வந்த 5.9 கெர்னலில் ஒவ்வொரு டெம்ப்எஃப்எஸ்ஸுக்கும் தனி எண்ணியும், 64 பிட் தேர்வும் வந்தன.

பிராக் அடைவில் பிஐடி நேம்ஸ்பேஸைப் பார்த்தால் சர்வரிலும் 4026531836, என் மடிக்கணினியிலும் 4026531836. தற்செயலா?

இல்லை. நேம்ஸ்பேஸ் என்பது நிரல்களின் ஒரு கூட்டத்துக்குக் கெர்னல் காட்டும் தனி உலகம். அந்த எண் கெர்னல் மூலநிரலிலேயே எழுதி வைத்த மாறிலி. இயந்திரம் தொடங்கும்போது உருவாகும் முதல் நேம்ஸ்பேஸ்களுக்கு இப்படிச் சில நிலையான எண்கள் உண்டு. 4026531837 யூசர் நேம்ஸ்பேஸுக்கு. அதன்பின் உருவாகுபவை 4026531840இலிருந்து வாங்கிக்கொள்ளும். கன்டெய்னருக்குள் (தனி நேம்ஸ்பேஸ்களில் ஓடும் நிரல் கூட்டத்துக்குள்) நின்று பார்த்தால் வேறு எண் தெரியும்.

0 என்ற ஐநோடு உண்டா?

கொடுக்கக் கூடாது. பழைய யூனிக்ஸ் அடைவுகளில் எண் 0 என்றால் "இந்த வரி காலி" என்று பொருள். அதை நம்பிய நிரல்கள் இன்றும் இருக்கலாம் என்பதால் மேலே சொன்ன பொது எண்ணி சுற்றி வரும்போதுகூட 0வைத் தாண்டிப் போகிறது.

மின்தடைக்குப் பிறகு லாஸ்ட்அண்ட்ஃபவுண்ட் அடைவில் எண்ணையே பெயராகக் கொண்ட கோப்புகள் வந்திருக்கின்றன. குப்பையா?

அழித்துவிடாதீர்கள். வட்டைச் சரிபார்க்கும் நிரல் ஐநோடு இருப்பதைப் பார்த்தது. அதைச் சுட்டும் அடைவு வரி எதுவும் கிடைக்கவில்லை. பெயர் ஐநோடில் இல்லை என்று இரண்டாம் பதிலில் சொன்னேன். ஆகவே பெயரைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எண்ணையே பெயராக வைத்துவிட்டது. ஃபைல் கட்டளையால் அது படமா, பிடிஎஃப்பா என்று அறிந்து நீங்கள்தான் பெயர் சூட்ட வேண்டும்.

எண் தெரிந்தால் பாதை இல்லாமலே கோப்பைத் திறந்துவிடலாமா?

சாதாரணப் பயனராக முடியாது. வேண்டுமென்றேதான் முடியாது. ஓர் அடைவுக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி இல்லை என்றால் உள்ளே இருக்கும் கோப்புகளும் உங்களுக்கு எட்டாது. எண்ணைச் சொல்லித் திறக்க விட்டால் அந்தக் காவல் உடைந்துவிடும். கைப்பிடி வழியாகத் திறக்கும் அழைப்பு 2011இல், 2.6.39 கெர்னலில் வந்தது. அதற்குச் சிறப்பு அனுமதி வேண்டும். எண்ணிலிருந்து பெயரைத் தேட மட்டும் ஃபைண்ட் கட்டளை உதவும். விசைப்பலகையில் தட்டவே முடியாத பெயருள்ள கோப்பை அழிக்க அதுவே நல்ல வழி.

கன்டெய்னருக்குள் ஒரு கோப்பில் எழுதினால் எண் மாறுமா?

கன்டெய்னர்கள் பெரும்பாலும் ஓவர்லேஎஃப்எஸ் மேல் ஓடுகின்றன. அது பல அடுக்குகளை ஒன்றாகக் காட்டும் கோப்பு முறைமை. கீழ் அடுக்கு படிக்க மட்டும். எழுதும்போது கோப்பு மேல் அடுக்குக்குப் பிரதியாகிறது. பிரதி என்றால் புது ஐநோடு. முன்பெல்லாம் எண்ணும் மாறியது. 4.12 கெர்னலிலிருந்து, அடுக்குகள் எல்லாம் ஒரே கோப்பு முறைமையில் இருந்தால், பழைய எண்ணையே தொடர்ந்து காட்டுகிறது. வேறு வேறு கோப்பு முறைமைகளில் இருந்தால், 64 பிட்டின் மேல் பகுதியில் எந்த அடுக்கு என்பதைச் செருகி எண்களை வேறுபடுத்தும் தேர்வு இருக்கிறது. ஈஎக்ஸ்டி4 32 பிட்டோடு நின்றுவிடுவதால் மேல் பகுதி காலியாகக் கிடைக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் மேல் பிட்களையும் தொட்டால் அந்த வித்தை பலிக்காமல் போகலாம்.

பாடத்துக்காக நானே ஒரு சிறிய கோப்பு முறைமை எழுதுகிறேன். எண்ணை எங்கிருந்து எடுப்பது?

வட்டில் உங்கள் ஐநோடுக்கு நிலையான இடம் உண்டு என்றால் அந்த இடத்திலிருந்தே எண்ணைக் கணக்கிடுங்கள். ஈஎக்ஸ்டி4 பதிலில் போட்ட வகுத்தலைத் தலைகீழாகச் செய்தால் போதும். எண்ணைக் கொடுத்து ஐநோடை வாங்கும் ஐகெட் வகைச் செயல்கூறுகள் (ஃபங்ஷன்) கெர்னலில் தயாராக இருக்கின்றன. நினைவகத்தில் மட்டும் வாழும் கோப்பு முறைமை என்றால் பொது எண்ணியை அழையுங்கள். ராம்எஃப்எஸ் மூலநிரலைப் படியுங்கள். சிறியது, இதைத்தான் செய்கிறது.

கோப்புகளின் பட்டியலை ஓர் அணியாக (அரே) கொடுத்தால் கோப்பு முறைமையையே கட்டித் தரும் ஓர் உதவிச் செயல்கூறும் உண்டு. மாணவர்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள். அது அணியின் வரிசை எண்ணையே ஐநோடு எண்ணாக வைக்கும். மேலடைவுக்கு 1ஐத் தானே எடுத்துக்கொள்ளும். ஆகவே அணியின் 0, 1 ஆகிய இடங்களைக் காலியாக விட்டு, உங்கள் முதல் கோப்பை 2இல் வையுங்கள். 1இல் வைத்தால் கெர்னல் லாக்கில் ஓர் எச்சரிக்கை வரும்.